தாலிக்கொடிக்கு வரும் கை

ரோசலி அம்மாளின் வலது முழங்காலுக்கும் எனக்கும் மூன்று வருடப் பழக்கம். ஒவ்வொரு குளிர்காலமும் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இரண்டு மாதம் தங்குவார். அப்போதெல்லாம் கடலூரில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வாரம் மூன்று முறை வருவார். பிரெஞ்சுத் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம் அந்த முழங்காலைப் பாரிஸிலேயே மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல போன் செய்தவர், கூடவே இன்னொரு வேலையையும் என் தலையில் கட்டினார்.

"நம்ப லா ஷப்பல் பொம்பளைங்களுக்கு ஒரு 'கூர்', அதான் வகுப்பு, வச்சிருக்கேன் ஜெயந்தி. ஒரு வாரம். கழுத்துல எவனாவது கைவச்சா எப்படித் தப்பிக்கறதுன்னு பாடம். சொல்லிக்குடுக்கறவங்க சீனாக்காரம்மா. அவங்க மூட்டு, எலும்புன்னு பிரெஞ்சுல சொல்றது இவங்களுக்குப் பிடிபடாது. மூட்டப்பத்திப் பேசறதுக்கு உன்னவிட்டா யாரு? வா. அப்படியே என் முட்டியையும் பாரு."

அறுவை சிகிச்சை முடிந்த முழங்காலை இன்னொருவர் கையில் விட எனக்கும் மனமில்லை. கிளம்பிவிட்டேன்.

ரோசலி அம்மாள் வீடு நாலாவது மாடியில். லிஃப்டுக்குள் நானும் என் பெட்டியும் சேர்ந்து போக முடியவில்லை. பெட்டியை முதலில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று படியேறிப் போய்ப் பார்த்தேன். ரோசலி அம்மாள் ஊன்றுகோலோடு வாசலில் நின்று, "ஐஸ் வச்சிருக்கேன், வீக்கம் இல்ல, முதல்ல சாப்பிடு" என்று நான் கேட்குமுன்பே பதில் சொன்னார். கோழிக்குழம்பில் தேங்காயும் இருந்தது, திராட்சை ஒயினும் இருந்தது. இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிறு. முழங்காலுக்கு நடை வேண்டுமென்று அவரையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மெட்ரோ ரயில் தலைக்குமேல் பாலத்தில் ஓடுகிறது. பாலத்துக்கு அடியில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள், எதற்கு என்று தெரியவில்லை. கடலூரில் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களும் இப்படித்தான், பஸ் வந்தால் ஏறமாட்டார்கள். எனக்கு எந்த ஊருக்குப் போனாலும் கட்டடம் கண்ணில் படாது, நடைதான் படும். இந்தத் தெருவில் பாதிப்பேருக்கு இடுப்பு சாய்ந்திருந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஊர் என்று புரிந்தது.

காய்கறிக் கடையில் முருங்கைக்காய் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு அம்மா தன் மகளிடம், "அந்தக் கட்டை எடு பிள்ளை" என்றார். மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு போனைப் பார்த்தாள். ரோசலி அம்மாள் என் காதில் மொழிபெயர்த்தார்: "இவ்ளோ நீளக் குச்சியத் தூக்கிக்கிட்டு நான் மெட்ரோல வரமாட்டேன்னு சொல்லுது." கடைக்காரர் முருங்கைக்காயை மூன்றாக ஒடித்துப் பையில் போட்டார். வழக்கு தீர்ந்தது.

ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். தோசையோடு சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல் வந்தது. சாம்பார் இல்லையா என்று கேட்டேன். பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தியாவோ?" என்றார். ஆமாம் என்றேன். "கதைக்கிற விதத்திலை தெரியுது. சம்பலைச் சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு சாம்பார் கேக்கமாட்டியள்." கேட்கவில்லை. அந்தத் தெரு முழுக்க நகைக்கடை. கண்ணாடிக்குள் கொடிகள் தொங்கின. நம் ஊரில் தாலிச் சங்கிலி என்று சொல்வதெல்லாம் அவற்றின் முன்னால் நூல். ரோசலி அம்மாள் ஊன்றுகோலால் கண்ணாடியைச் சுட்டி, "இதுக்குத்தான் அந்த வகுப்பு" என்றார்.

திங்கள் மாலை முதல் வகுப்பு. பள்ளி விடுமுறை என்பதால் நகராட்சிக் கூடம் ஒன்று காலியாக இருந்தது. தரையில் நீலப் பாய்கள். பதினோரு பெண்கள், எல்லாரும் ஈழத்துக்காரர்கள், ட்ராக்பேண்டும் கம்பளிச் சட்டையுமாகச் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். நடுவில் மதாம் லியு. அறுபதை நெருங்கும் வயது, என் தோளுயரம். முப்பது வருடம் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவராம். இந்தப் பிடிகளைச் சொந்தத் தகப்பனிடம் கற்றாராம். அதற்குச் சீன மொழியில் 'சின்-நா' என்று பெயர். பிடித்து முடக்குவது என்று அர்த்தம் சொன்னார். குத்து இல்லை, உதை இல்லை. ஆளின் மூட்டு எந்தப் பக்கம் வளையாதோ அந்தப் பக்கம் வளைப்பது, அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிட்டுத் தன் தோளைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் சுண்டுவிரலை எடுத்தார். அடுத்த கணம் நான் பாயில் முட்டி போட்டிருந்தேன். இருபத்தைந்து வருடமாக மூட்டுகளோடு குடும்பம் நடத்துகிறவள் நான். என்ன செய்கிறார் என்று தெரிந்தும் விழுந்தேன். எழுந்தபிறகு யோசித்துப் பார்த்தால், நான் தினமும் கிளினிக்கில் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்கிறார். மூட்டு எதுவரை போகும் என்று பார்த்து அதன் விளிம்பில் நான் நிறுத்துவேன். அவர் அங்கிருந்து ஒரு விரற்கடை தள்ளுகிறார்.

பிறகு பாடத்தைத் தொடங்கினார். ரோசலி அம்மாள் மொழிபெயர்த்தார்: "முதல் விதி. கத்தி இருந்தா குடுத்துடு. ரெண்டு பேர் வந்தா குடுத்துடு. தங்கம் திரும்ப வாங்கிக்கலாம். பிடி போடறது ஜெயிக்கறதுக்கில்ல, ஓடறதுக்கு. அவன் கீழ விழற நேரம் உனக்கு மூணு மூச்சு கெடைக்கும், அதுல ஓடு."

பதினோரு பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அவர்கள் ஆட்டியது மரியாதைக்கு.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருப்பதையும், அது எங்கே மடியும், எங்கே மடியாது என்பதையும் நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொருவர் கையையும் பிடித்து மடக்கிக் காட்டிக்கொண்டே வந்தபோது கடைசியாக நின்றவர் வலதுகையை மட்டும் நீட்டினார். இடதுகை கழுத்தடியில், சட்டைக் காலருக்குள் இருந்தது. அதையும் கொடுங்க என்றேன். கொடுத்தார். மேலே தூக்கச் சொன்னேன். தோளுயரத்தில் நின்றுவிட்டது. தோள்பட்டை இறுகியிருந்தது. மாதக்கணக்கில் கையை நெஞ்சோடு வைத்திருப்பவர்களுக்குத்தான் அப்படி ஆகும். பெயர் செல்வராணி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"அடிபட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்லையக்கா. கை தானாக் கழுத்துக்குப் போகுது. நித்திரையிலையும் அங்கைதான் கிடக்குமாம், இவர் சொல்றவர்."

வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது கதையைச் சொன்னார். வீடு எபினே-சூர்-செய்ன் என்கிற வடக்குப் புறநகரில். வேலை இங்கே, வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகங்களில் விடியற்காலைத் துப்புரவு. நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை, ரயிலில்.

"கதவு பூட்டுற நேரம் அக்கா. இறங்கிறவன் மாதிரி நிண்டவன், எட்டிக் கொடியைப் பிடிச்சிட்டான். நான் ரெண்டு கையாலையும் தாலியைப் பொத்திப் பிடிச்சன். அவன் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய் வெளியிலை போட்டான். கொடி அறுந்து அவனோடை போட்டுது. தாலி மட்டும் என்ரை கைக்குள்ளை கிடந்தது. இவர் அதுக்குப் புதுக்கொடி செய்து தந்தவர்."

அன்றிலிருந்து கணவர்தான் அவரைத் தினமும் கூட்டிவந்து விடுகிறார். கணவர் பெயர் குமரன், ஒரு ரெஸ்டோரண்டில் சமையல். அடுத்த திங்கட்கிழமை முதல் அவருக்குக் காலை நேரத்துக்கு வேலையை மாற்றிவிட்டார்கள். "இனிக் கூட்டிக்கொண்டு வர ஆளில்லை. தனிய வரவேணும், இல்லாட்டி வேலையை விடவேணும். வேலையை விட்டால் நான் வீட்டுக்குள்ளையே கிடந்து செத்துப்போவன் அக்கா."

"கழட்டி வீட்டுல வச்சிட்டு வரலாமே" என்றேன். டாக்டர் புத்தி, வேறென்ன.

"இவர் உயிரோடை இருக்கேக்கை நான் ஏன் கழட்டவேணும்?"

அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் கழுத்தில் கிடப்பது அம்மா போட்ட மெல்லிய சங்கிலி. நெற்றியில் சின்னதாகப் பொட்டு வைத்துக்கொள்வேன். கடலூரில் என்னை எல்லாருக்கும் தெரியும், யாரும் எதுவும் கேட்பதில்லை. இங்கே ரோசலி அம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது, அதனாலும் யாரும் கேட்கவில்லை.

செவ்வாயன்று ஜோடி ஜோடியாகப் பயிற்சி. ஒருத்தி திருடன், மற்றவள் தப்பிக்க வேண்டும். திருடனுடைய கை நேராகக் கழுத்துக்குப் போனது, தாலிக்கொடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பதினோரு பேரிலும் அதே. நீட்டிய கை காற்றில் நிற்க, எதிரில் இருப்பவர் காத்திருக்க, ஒரு நிமிடம் கூடமே அப்படியே இருந்தது. மதாம் லியு இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். ரோசலி அம்மாள் மொழிபெயர்க்கும்போதே சிரித்துவிட்டார்: "நான் திருடச் சொன்னேன், இவங்க ஏன் ஆசீர்வாதம் பண்றாங்கன்னு கேக்கறாங்க."

சட்டையைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தார்கள், முடியைப் பிடிக்கச் சொன்னால் இன்னும் உற்சாகமாகப் பிடித்தார்கள். அடுத்தவள் தாலியில் கைவைத்து இழுக்க மட்டும் ஒருத்திக்கும் மனம் வரவில்லை, விளையாட்டுக்குக்கூட. ஒரு கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அதை இழுத்துப் பழகலாம் என்றார் மதாம் லியு. துணியில் செல்வராணி முதல் முயற்சியிலேயே என்னைச் சாய்த்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "இது துணி அக்கா. என்ரை உடம்புக்கு இது துணியெண்டு தெரியுது."

புதன்கிழமை ஒரு நல்ல காரியம் நடந்தது. மதாம் லியு தானே திருடனாகி, கொடியைத் தொடாமல் அதன் பக்கத்துச் சட்டையை வெடுக்கென்று பிடித்தார். பிடிபட்டவர் அந்த நொடியில் எல்லாவற்றையும் மறந்து இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டார். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லாரும் அதையே செய்தார்கள். சொல்லிக்கொடுத்த ஒன்றும் நினைவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மதாம் லியு தன் கையைக் குனிந்து பார்த்தார். அது அந்தப் பெண்ணின் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் மாட்டியிருந்தது.

"பாதி வேலை முடிஞ்சுதாம்" என்றார் ரோசலி அம்மாள். "அவங்க மத்தவங்களுக்கு இத சொல்லிக்குடுக்கவே ரெண்டு மாசம் ஆகுமாம். திருடன் கைய நெஞ்சோட அழுத்தி ஒட்டவைக்கறது. நீங்க பொறந்ததுலேந்தே பண்றீங்களாம்."

மீதிப் பாதி எளிது. பொத்திய கையை விடாமல் ஒரு காலைப் பின்னால் வைத்து, இடுப்பிலிருந்து குனிய வேண்டும். மாட்டிய கையின் மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கும். அதற்குமேல் ஆள் நிற்க முடியாது. நான் எலும்பு எலும்பாக விளக்கினேன். ஒருவர், "கும்பிடுற மாதிரித்தான்" என்றார். ஆமாம், கும்பிடுகிற மாதிரித்தான்.

ஆனாலும் உண்மையான கை உண்மையான தாலிக்கு வந்தால்தானே பயிற்சி. அன்று குமரன் மனைவியைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்தார். ரோசலி அம்மாளுக்கு யோசனை தோன்றியது. "நீ வாப்பா. நீ கட்டினதுதானே, நீ இழுத்தா என்ன?"

குமரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கட்டின கையாலை எப்பிடி அம்மா இழுக்கிறது?" என்று மெதுவாகச் சொன்னார். செல்வராணியும் தரையைப் பார்த்தார். ரோசலி அம்மாள், "என்னைப் பாக்காதீங்க. எனக்கும் சிலுவை போட்ட தாலி உண்டு, நானும் இழுக்கமாட்டேன்" என்றார். எல்லாருமாக என்னைப் பார்த்தார்கள். நான் இந்தியாக்காரி, மருத்துவம் பார்க்கிறவள், தினமும் நூறு கழுத்தில் கை வைக்கிறவள். எனக்குச் சம்பிரதாயம் பொருட்டாக இருக்காது என்று முடிவுகட்டிவிட்டார்கள். ரோசலி அம்மாள் மட்டும் ஊன்றுகோல் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னைப்பற்றித் தெரியும்.

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் அந்த வகுப்பு அதோடு நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. பதினோரு பெண்கள் என்னை வேறு மாதிரி பார்ப்பதை நான் விரும்பவில்லை, அதுதான் மீதி. "சரி, நான் இழுக்கறேன்" என்றேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று மாலையும் பதினோரு தாலிகளை இழுத்தேன். பத்துப்பேர் என்னைப் பாயில் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குச் சுவாரஸ்யம் பிடித்துவிட்டது, "அக்கா, இன்னொருக்கால் வாங்கோ" என்று வரிசையில் நின்றார்கள். செல்வராணியிடம் மட்டும் நடக்கவில்லை. என் விரல் கொடியில் பட்டதும் இரண்டு கையும் பொத்தும், கண் மூடும், அத்தோடு சரி. கால் பின்னால் போகாது, இடுப்பு மடங்காது. நான் இழுத்த பக்கமெல்லாம் வந்தார். ரயில் கதவில் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது.

வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு ரோசலி அம்மாள் வெண்ணெயில் வறுத்த மீன் வைத்தார். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில்லை. செல்வராணி வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ரோசலி அம்மாளால் வர முடியவில்லை, வழியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஏறவேண்டிய ரயில் எது என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் அதற்கு முன்னால் வந்து நின்றதில் ஏறி உட்கார்ந்தேன். காலியாக இருந்ததே என்று மகிழ்ச்சி. அது எபினேயில் நிற்காமல் விரைந்தது. பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கப் பெரியவர் என் தாளை வாங்கிப் பார்த்து, வெளியே ஓடி மறையும் நிலையத்தைக் கையால் காட்டி, மிகுந்த வருத்தத்தோடு தலையசைத்தார். அடுத்த நிலையத்தில் தானும் இறங்கி, என்னை எதிர்ப்பக்க மேடையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அவருடைய அடுத்த ரயிலுக்குப் போனார். அந்த மனிதரின் இடது கால் சற்று இழுத்தது. அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது இடியப்பம் ஆறியிருந்தது. செல்வராணி திரும்ப ஆவியில் வைத்தார். தேங்காய்ப்பால் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய். குமரன் வேலைக்குப் போயிருந்தார். நான் சாப்பிட்டேன் என்று சொல்வதைவிட அவர் சாப்பிடவைத்தார் என்பதே சரி. அதன்பின் அவருடைய தோளைக் கொஞ்சம் பார்த்தேன். சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொல்லிக்கொடுத்தேன்.

நான் கிளம்பும்போது சாமிப் படத்தடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்தார்.

"திங்கக்கிழமை நான் தனிய வேலைக்கு வெளிக்கிடவேணும் அக்கா. பிடி வருதோ வரேல்லையோ, வெளிக்கிடத்தான் வேணும். நீங்கள் உங்கடை கையாலை என்ரை தாலிக்கு ஒரு பொட்டு வச்சுவிடுங்கோ. உங்கடை கை ராசியான கை."

சிமிழ் திறந்து நீட்டியபடி இருந்தது. இனிமேல் சொல்லாமலிருப்பது பொய்.

"நான் வைக்கக் கூடாதும்மா. எனக்கு வீட்டுக்காரர் இல்ல. ஆறு வருஷம் ஆச்சு."

செல்வராணி கொஞ்ச நேரம் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு என் கழுத்தை. அவருடைய இடதுகை காலருக்குள் போனது. மூன்று நாளாக அந்த இடத்தில் என் கை இருந்ததை இரண்டு பேருமே நினைத்தோம். "நீங்கள் முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிமிழை மூடிவிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பும்போது சரியான ரயிலில்தான் ஏறினேன்.

எனக்கு இந்தக் கையில் நம்பிக்கை உண்டு, ராசியில் கிடையாது. ஆனாலும் அன்று வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று கழுவும்போதே என்மேல் எரிச்சல் வந்தது.

ஞாயிறு காலை கடைசி வகுப்பு. செய்தி போயிருந்தது. எட்டுப்பேர்தான் வந்திருந்தார்கள். கேலியில்லை, முகத்திருப்பல் இல்லை, "சாப்பிட்டியளோ அக்கா" என்று வழக்கம்போல விசாரித்தார்கள். சட்டைகள் மட்டும் கழுத்துவரை பூட்டியிருந்தன. இன்று மணிக்கட்டுப் பிடி மட்டும் பார்ப்போம் என்று ரோசலி அம்மாள் மதாம் லியுவிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பாதி வகுப்பில் செல்வராணி வந்தார். பின்னால் குமரன். குமரனின் கண்கள் சிவந்திருந்தன. செல்வராணி காலணியைக் கழற்றிப் பாயில் ஏறி நேராக என்முன் வந்து நின்றார். மேல்சட்டையின் ஜிப்பை இறக்கினார். தாலிக்கொடி வெளியே வந்தது.

"இழுங்கோ அக்கா."

"வேணாம்மா."

"சும்மா இல்லை. அவன் இழுத்தமாதிரி இழுங்கோ."

குமரனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் தடுக்கவில்லை. பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் எழுந்து கையை நீட்டினேன். அந்த முகத்தில் தெரிந்த பயத்தை இந்த ஒரு வாரத்தில் நான் பார்த்ததில்லை. என் விரல்கள் கொடியைப் பிடித்தன. இழுத்தேன்.

இரண்டு உள்ளங்கைகளும் என் கையை நெஞ்செலும்பில் வைத்து அடித்தன. கால் பின்னால் போனது. குனிந்தார். என் மணிக்கட்டு அதன் விளிம்புக்குப் போய், அங்கிருந்து இன்னொரு விரற்கடை போனது. நான் முட்டி போட்டு விழுந்தேன். போதும் என்பதற்கு அடையாளமாகப் பாயில் தட்டினேன். விடவில்லை. திரும்பவும் தட்டினேன். மதாம் லியு குரல் கொடுத்தபிறகுதான் செல்வராணி விட்டார். கண் திறந்தே இருந்தது.

மதாம் லியு கைதட்டி, இந்த ஆறு வகுப்பில் இதுதான் உண்மையான பிடி என்றார். செல்வராணி என்னை எழுப்பவில்லை. ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டு, காலணி மாட்டி, கணவரோடு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ரோசலி அம்மாள் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை என் மணிக்கட்டில் வைத்துத் துணி சுற்றினார். நோயாளி வைத்தியருக்கு வைத்தியம்.

"அவமேல கோபமா?"

"ஆமா. திருடனுக்குக்கூட அவ அவ்வளவு பயப்படல. என் கைக்குப் பயந்தா."

ரோசலி அம்மாள் துணியை இன்னொரு சுற்று சுற்றினார். "பிடி வந்துடுச்சில்ல" என்றார். வந்துவிட்டதுதான். அதற்காக என்னால் சந்தோஷப்பட முடியவில்லை, அவமானமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஊருக்குத் திரும்ப வடக்கு ரயில் நிலையத்தில் விமான நிலைய ரயிலுக்காக நின்றிருந்தேன். பெட்டியை இடதுகையால் இழுத்துப் பழக்கமில்லாததால் இரண்டு பேர் காலில் ஏற்றிவிட்டேன். இருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கடலூரில் நடந்திருந்தால் என் வம்சமே பேசப்பட்டிருக்கும். போன் அடித்தது. தெரியாத எண்.

"அக்கா, செல்வராணி. வேலைக்கு வந்திட்டன். தனியத்தான் வந்தனான்."

"சந்தோஷம்மா" என்றேன். குரலில் சந்தோஷம் இல்லாதது எனக்கே கேட்டது.

"கை நோகுதோ?"

"நோகுது."

"நேற்று உங்களோடை கதைக்காமல் வந்திட்டன். கதைச்சால் அழுதிருப்பன்."

"அத விடு. வேற யாரையாவது இழுக்கச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு என்னக் கூப்பிட்ட?"

போனில் வாளி நகர்த்தும் சத்தம் கேட்டது.

"ஆர் இழுத்தாலும் விளையாட்டெண்டு என்ரை உடம்புக்குத் தெரிஞ்சிடும் அக்கா. நீங்கள் சனிக்கிழமை சொன்னாப்பிறகு எனக்கு நித்திரையே இல்லை. உங்கடை கை என்ரை தாலியிலை பட்டுட்டுதே எண்டு. பிழையா நினைக்காதேங்கோ, நான் உள்ளதைச் சொல்லுறன். கள்ளனுக்கும் நான் அப்பிடிப் பயந்ததில்லை. அதுதான் உங்களையே கேட்டனான். இவர் வேண்டாமெண்டு அழுதவர். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்." மூச்சு வாங்கினார். "இண்டைக்கு விடிய இவர் எழும்பி, தேத்தண்ணி குடிச்சு, வேலைக்குப் போயிட்டார். ஒண்டும் ஆகேல்லை அக்கா. அந்தக் கையே வந்து ஒண்டும் ஆகேல்லை. இனி எவன்ரை கை வந்தால் எனக்கென்ன?"

ரயில் மேடைக்குள் வந்து நின்றது. ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அவர் சொன்னது என்னைச் சுட்டது. அந்தப் பெண்மேல் எனக்கு அளவில்லாத மரியாதையும் வந்தது.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கும் தனியாவே போம்மா" என்றேன்.

"ஓம் அக்கா" என்றார்.